இரண்டாம் கலத்தின் பிள்ளையார் சுழி

உ

நைனா,

மேலே போட்டிருப்பது பிள்ளையார் சுழி. இரண்டு இல்லை. இதைக்கூட விளக்கிச் சொல்ல வேண்டிய காலம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எதை எழுத உட்கார்ந்தாலும் என் கை முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். இன்றைக்குப் போட்டுவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்பாய், அதை நான் நம்பியாக வேண்டும். நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரைகூட அடங்கித்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுகிறேன், நீயும் 'அம்மா, கிளாஸ் இருக்கு' என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இதை நீ நம் இதழிலேயே போட்டாலும் போடலாம், நாலு பேர் படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் வெள்ளைச் சட்டை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நான் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்கள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், பள்ளிக்கூடத்தில் அத்தனை பெண்பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள்தானே நான். அவர்கள் சத்தமே போடவில்லை. "இன்னாங்கம்மா, தம்பி எப்ப வர்றாரு?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். "ஆங், பரவால்லீங்க. நாங்க எங்க போவப் போறோம், இங்கதான் இருக்கோம். நீங்களும் இங்கதான இருக்கீங்க" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "தம்பி ஏதோ எழுதிக்கினு இருக்காராமே. வாணாம்னு சொல்லுங்கம்மா. ஊருக்கே ஒரு பெரும கெடச்சிருக்கு, அத ஏன் கெடுப்பானேன்?" என்று சொல்லிவிட்டு ஓர் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். புறவழிச்சாலையில் சிமெண்ட்டில் ஒரு பெரிய கலம் கட்டி நீலத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறார்களே, அதற்குத் திறப்பு விழாவாம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வருவதற்குள் திறந்துவிட வேண்டுமாம். 'உலகின் முதல் மழைமாணி' என்று தங்க எழுத்தில் அடித்திருக்கிறார்கள். மழைமானி என்று எழுதக்கூடத் தெரியாதவர்களுக்குப் பயந்து அன்றைக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே கொல்லைக் கதவைத் தாழ்போட்டேன்.

அந்த சிமெண்ட் கலத்துக்கு மூலம் நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது. உன் பெரியப்பா, என் அக்காவின் வீட்டுக்காரர், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், அரக்கோணத்தில் ரயில்வே சிக்னலில் வேலை பார்த்த காலத்தில் புத்தூர் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரைப்படி பிடிக்கும் பித்தளைக் கலம். உள்பக்கம் சுற்றிச் சுற்றி மெல்லிய வரிகள். வெளியே விளிம்புக்குக் கீழே ஒரே ஓர் எழுத்து: உ. உன் அப்பா கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வரி என்றாலே அளவு. பழைய தமிழ் எண்ணில் இரண்டை அப்படித்தான் எழுதுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கலத்தைக் கையில் வாங்கிய மனிதர் சாப்பாட்டை மறந்தார். "பாவா, இது ரெண்டாவதுன்னா ஒண்ணாவது எங்க? மூணாவது எங்க?" என்று கேட்டுக்கொண்டே கூடத்தில் நடந்தார். ஊருக்கு ஒரு கலம் வைத்து, மழையைப் பிடித்து, வரியைப் பார்த்து அளந்திருக்கிறார்கள், தொண்டை மண்டலம் முழுக்க வரிசை எண் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கட்டுரை எழுதினார். அதைப் போட ஓர் இதழ் இல்லை. இல்லாவிட்டால் என்ன, நாமே தொடங்குவோம் என்று இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். இப்படித்தான் 'மழைக்கலம்' பிறந்தது. அட்டையில் அந்தக் கலத்தின் படம். உள்ளே முதல் கட்டுரை அந்தக் கலத்தைப் பற்றி. பின்னட்டையில், 'ஒன்றாம் கலத்தைக் கண்டவர்கள் தெரிவிக்கவும்' என்ற அறிவிப்பு. உலகத்தில் எந்த ஆய்விதழும் பாத்திரக் கடையில் பிறந்திருக்காது என்று நான் கேலி செய்வேன்.

கேலி செய்தாலும் மெய்ப்புப் பார்த்தது நான்தான். அதனால் உரிமையோடு சொல்கிறேன், அது நல்ல இதழ். அம்மை குத்துகிறவர்கள் ஊர் ஊராக நடந்து போன கதை அதில் வந்தது. ரயில் வந்த பிறகு ஊருக்கு ஊர் கடிகாரத்தில் வேறாக இருந்த மதியம் ஒரே மதியமாக ஆன கதை வந்தது. நம் எல்லைப் பக்கத்தில் தெலுங்கு எழுத்தில் எழுதிய தமிழ் வைத்திய ஏடுகளைப் பற்றி எழுதியது இந்த இதழ்தான். சாயத் தொட்டியில் எதை எதோடு கலந்தார்கள் என்று நெசவுக்காரர்களிடம் கேட்டு வாங்கிப் போட்டதும் இதுதான். கடல் தாண்டியிருக்கும் நூலகத்திலிருந்தெல்லாம் கேட்டு எழுதினார்கள். உன் அப்பா அந்தத் தபால் தலைகளைக் கிழித்து உனக்குக் கொடுப்பார், நீ அதை நோட்டில் ஒட்டாமல் கதவில் ஒட்டுவாய். பிறகு காகிதம் விலை ஏறியது, எழுதுகிறவர்கள் குறைந்தார்கள், இதழ் மெலிந்துபோய்க் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆனது. அப்பா போன பிறகு நின்றே போயிருக்க வேண்டியது. நீ சென்னையில் நிரந்தரமில்லாத வேலையில் இருந்துகொண்டு அதைக் கையில் எடுத்தாய். வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு பிள்ளையை வளர்த்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

அந்த இதழில் உன் அப்பா வைத்த ஒரு வழக்கம் இன்றைக்கு என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் பிழை திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், யாரும் பார்க்காத மாதிரி போடுவார்கள். இவர் முதல் பக்கத்தில் போட்டார். கேட்டதற்கு, "செருப்ப வாசல்ல உட்டுட்டு உள்ள வர்றோம் இல்ல, அந்த மாதிரிதான்" என்றார். பிழைக்குக் கீழே மூன்று பெயர்கள் இருக்க வேண்டும். பிழை செய்தவர், கண்டவர், சரிபார்த்தவர். மூன்றாவது ஆள் பொருளைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை திருத்தமே தவறாகப் போய் மானம் போனதிலிருந்து இந்த மூன்றாவது பெயரைச் சேர்த்தார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் திருத்தம் அச்சேறாது. ஒரு கல்லூரி முதல்வர் தன் பெயர் முதல் பக்கத்தில் வந்துவிட்டதென்று நம் வீட்டுக்கே வந்து குதித்தார், நினைவிருக்கிறதா? அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, ரயிலடி வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இனி கே.ஜி.கண்டிகைக் கல்யாணத்துக்கு வருகிறேன். என் தம்பி மகள் கல்யாணம். மண்டபத்தில் சீர்ப் பாத்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாரும் பெண்ணைப் பார்த்தால் நீ குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டிய வயதில் இப்படிக் குடம் பார்க்கிறானே என்று எனக்கு எரிச்சல். கிட்டே வந்து பார்த்தால் உன் முகம் வெளிறிக் கிடந்தது. ஒவ்வொரு பாத்திரத்திலும் மேலே ஓர் உ, அதற்குக் கீழே பெண்ணின் பெயர், ஊர் பெயர். பெயர் வெட்டுகிறவர் சுழி போடாமல் தொடங்க மாட்டார். "அம்மா, இவ்ளோ குடமும் ரெண்டாவது குடமா?" என்று என் காதில் கேட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே கலத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தாய். சுழிக்குக் கீழே தேய்ந்துபோன எழுத்துகள் இருக்கின்றன, வரிகள் கடைசல் பட்டறையில் சுழற்றி வழித்தபோது விழுந்தவை, இது மழையை அளந்த கலமே அல்ல, யாரோ ஒரு பெண்ணின் சீர்ப் பாத்திரம் என்று கட்டுரை எழுதினாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சென்னையில் ஒரு கூட்டத்தில் அதைப் பேசினாய். எவனோ அதைப் போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான்.

அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எனக்கு வந்த ஒரு மெசேஜில், 'அவனை சும்மா விட கூடாது' என்று இருந்தது. விடக் கூடாது என்பதற்கு ஒற்றுப் போடத் தெரியாதவன் என்று சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே உன் நம்பரைப் போட்டேன். நீ ரயிலில் படிக்கட்டில் நிற்காதே. பிளாட்பாரத்தின் ஓரத்தில் நடக்காதே. யாராவது 'சார்' என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் உடனே திரும்பாதே. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் உன் போன் அணைந்திருக்கும்போது என் கை கால் ஓடுவதில்லை. உன் வேலையை நினைத்தும் பயம். நிரந்தரம் செய்கிற நேரத்தில் எவனாவது ஒரு புகாரைத் தட்டிவிட்டால் போதும். இன்னொரு பயமும் உண்டு, அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. முதல் பக்கத்தில் பிழை செய்தவர் என்று அப்பாவின் பெயரும் கண்டவர் என்று உன் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருமே, அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. அவருக்குத் திதி கொடுக்கிற பிள்ளை நீ.

நல்லவேளை, உனக்கு மூன்றாவது பெயர் கிடைக்கவில்லை. "படத்தப் பாத்தவங்க எல்லாரும் ஆமான்றாங்கம்மா. நேர்ல வந்து பாத்து கையெழுத்துன்னா ஓடுறாங்க. ஆள் கெடைக்கலன்னா போட முடியாது, அப்பாவோட விதி. நீ நிம்மதியா இரு" என்று சொன்னாய். உன் குரல் உடைந்திருந்தது. எனக்கோ போன உயிர் வந்தது. மறுநாள் மலைக்குப் போய் முருகனிடம், இவனுக்கு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நீ சினம் தணிந்து உட்கார்ந்த மலையாயிற்றே இது, இவர்கள் சினத்தையும் தணித்துவிடு என்றும் சேர்த்துக் கேட்டேன். பெற்ற பிள்ளையின் வேலை கெட்டுப்போக வேண்டும் என்று சாமி கும்பிட்ட தாய் என்னைத் தவிர யார் இருக்கப் போகிறார்கள்?

திங்கட்கிழமை உன் மெய்ப்புத் தாள் வந்தது. ஆள் கிடைக்காவிட்டாலும் அம்மா பார்த்துவிடட்டும் என்று அனுப்பியிருக்கிறாய். சரிபார்த்தவர் என்பதற்கு எதிரில் வெறும் புள்ளிகள். அதைப் பார்த்ததும் ஒரு புத்தி வந்தது, கெட்ட புத்தி. நாளைக்கு யாராவது ஒரு தைரியசாலி கிடைத்துவிட்டால்? கலத்தில் எழுத்து இருந்தால்தானே பார்ப்பான். இந்தக் காலத்தில் வெறும் படத்தை யார் நம்புகிறார்கள், கம்ப்யூட்டரில் செய்தது என்று சொல்லிவிடலாம். மறுநாள் காலையில் எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்து, கலத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனேன். இத்தனை வருஷமாக உன் அப்பா அந்தக் கலத்தின் மேல் என்னைத் தண்ணீர்கூடப் பட விட்டதில்லை. நாலு தேய்ப்பு தேய்த்தால் போதும், கதை முடிந்துவிடும்.

குழாயைத் திறந்து நனைத்தேன். வெயில் அப்போதுதான் மதிலைத் தாண்டிச் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஈரத்தில் அந்த எழுத்துகள் எழுந்து வந்தன. ங், க, ம், மா. அதற்கு முன்னால் ஓர் எழுத்து முழுக்கப் போய்விட்டது. கங்கம்மாவோ, மங்கம்மாவோ, ரங்கம்மாவோ, தெரியவில்லை. கண்ணை நம்பாமல் விரலால் தடவினேன். மாவின் துணைக்கால் விரலில் தட்டியது. சுழியை மட்டும் ஆழமாக வெட்டியிருந்ததால் அது நின்றுவிட்டது. மற்றதெல்லாம் அந்த அம்மாவே புளி போட்டுத் துலக்கித் துலக்கிப் போக்கியது. என் கையிலும் புளி. சீதனமாக வந்த தன் பேரைத் தானே தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். புளியைக் கறிவேப்பிலைச் செடிக்கடியில் கொட்டிவிட்டு, கலத்தை முந்தானையால் ஒற்றி எடுத்து உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ரயில் ஏறி அரக்கோணம் போனேன். பாவாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். இதயத்தில் குழாய் வைத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை என்றால் பையை எடுத்துக்கொண்டு சித்தூர், நகரி, திருப்பதி என்று பாத்திரக் கடை கடையாக ஒன்றாம் கலத்தைத் தேடிப் போனவர். அக்கா கடைசி வரை அதற்காகச் சண்டை போட்டாள். இந்தச் செய்தியால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியும் உன் தலையில்தானே விழும்.

"வாம்மா, ட்ரெயின்லயா வந்த?" என்றவர், நான் உட்காரும் முன்பே, "பேத்தி போன்ல காட்டுனா. பையன் பயமில்லாம பேசறான்" என்றார். நான் பையைக் கீழே வைத்தேன். "அப்போ அது ரெண்டு இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க பாவா. சுழிதான். கீழ ஒரு பொம்பள பேரு இருக்குது. இன்னிக்கி நானே பாத்தேன்."

"தடவிப் பாத்தியா?"

"ஆங், தடவியும் பாத்தேங்க."

மேல்துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டார். மாத்திரை டப்பா எங்கே என்று என் கண் தேடியது. "அப்போ ஒண்ணாவது கலம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நான் சரியா தேடலன்னு இல்ல?" என்றார்.

"இல்லீங்க பாவா. இருந்தாத்தான கெடைக்கும்?"

"உன் வீட்டுக்காரரு சாவறப்பகூட, 'இன்னும் கெடைக்கலியா பாவா'ன்னு கேட்டாரும்மா. எந்தக் கடையத் தாண்டிப் போய்ட்டேன், எந்த ஊர உட்டுட்டேன்னு இத்தன நாளும் பயந்துகினே இருந்தேன். யாராண்ட சொல்றது?" என்று சொல்லிவிட்டு, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் இருந்தது. "காப்பி போடு. சக்கர போடு, ஒண்ணியும் ஆவாது" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீ சொன்ன உண்மை இவரைக் கொன்றுவிடும் என்று பயந்தேன். அந்தத் தவறுதான் அவரை இத்தனை காலமும் தின்றுகொண்டிருந்தது, எங்கள் யாருக்கும் தெரியவில்லை. உன் அப்பாவும் அந்த வருத்தத்தோடுதான் போயிருக்கிறார். இல்லாததைக் கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியிருக்கிறார். அவர் இருந்து, நீ அந்தக் குடத்தைக் காட்டியிருந்தால் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். மறுநாள் முதல் பக்கத்துக்குத் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்திருப்பார். இது எனக்குத் தெரியாததா?

உனக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். கட்டுரையில் 'சிறுபிள்ளைத்தனமான வாசிப்பு' என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறாய், அதை அடித்துவிட்டேன். பிழையைச் சொல், ஆளைக் குத்தாதே. பின்னட்டை அறிவிப்பை எடுத்துவிடு, ஆனால் பெரியப்பாவுக்கு முதல் பிரதியை நீயே கொண்டுபோய்க் கொடு. இதழின் பெயரை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மழையை அளக்காத கலத்தின் பெயரிலேயே இருக்கட்டும், முதல் பக்கத் திருத்தம் எதற்கு என்று வருகிறவர்களுக்குப் புரியும். ஒருவாரம் லீவு போட்டு இங்கே வராதே. பெரியப்பா வீட்டுக்கு மட்டும் போய்விட்டு அங்கிருந்தே திரும்பிவிடு. இது பயத்தில் சொல்வதுதான், அதனால் கேட்டுக்கொள்.

மெய்ப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். புள்ளி வைத்திருந்த இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தேன், விரலால் தடவினேன், விதிப்படி அது போதும். பெயருக்குக் கீழே இந்த வீட்டு முகவரியையும் போட்டிருக்கிறேன், அதை எடுத்துவிடாதே. எவன் எழுதினான், எங்கே இருக்கிறான் என்று தேடி வருகிறவர்கள் முதலில் இந்த வாசலுக்கு வரட்டும். கலத்தை நனைத்து வெயிலில் காட்டுவேன். பயந்துகொண்டுதான் காட்டுவேன். இதையும் பயந்துகொண்டே எழுதியதால் என் பெயர் கொஞ்சம் கோணலாக இருக்கும், வேறு யாரோ என்று படித்துவிடாதே.

மற்றபடி பிழை இல்லை. அச்சிடலாம்.

அம்மா